எட்டு மணிச் செய்தி 2 நிமிடம் 14 நொடி தாமதமானது ஏன்: மதுரைக் கேபிள் சேனல் ஒன்றின் பிளேலிஸ்ட் குறித்த நிகழ்வு ஆய்வு

மதுரை தெற்காவணி மூல வீதியில் நகைக்கடை வைத்திருக்கும் ஒருவர், உள்ளூர்க் கேபிள் சேனலில் இரவுச் செய்திக்கு முந்தைய பத்து நொடியை மாதக் குத்தகைக்கு எடுத்திருந்தார். கடையின் பெயர் பொறித்த ஒரு கடிகாரம் திரையில் தோன்றும். நொடி முள் ஐம்பதிலிருந்து பன்னிரண்டை நோக்கி நகரும். முள் உச்சியைத் தொட்டதும் "மணி எட்டு" என்று ஒரு பெண் குரல் சொல்லும். ஒரு நாள் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த சுவர்க்கடிகாரத்தையும் தொலைக்காட்சியையும் மாறி மாறிப் பார்த்த கடைக்காரர், சேனல் உரிமையாளருக்குத் தொலைபேசியில் சொன்னது இதுதான்: "எட்டு மணின்னு என் கடை பேரைப் போட்டே தெனம் பொய் சொல்றீங்களே தம்பி."

அவர் சொன்னது உண்மை. செய்தி ஒவ்வொரு வேலை நாளும் இரண்டு நிமிடத்துக்கு மேல் தாமதமாகவே தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஏறத்தாழ நேரத்துக்கு வந்தது. சேனலில் இருந்தவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறாகப் படித்தார்கள். வேலை நாளில் கிளிப்புகள் அதிகம், ஆகவே கணினி திணறுகிறது என்று முடிவுகட்டி, கிளிப்புகளை வரிசையாக ஒளிபரப்பும் பிளேஅவுட் கணினியை மாற்றினார்கள்; வட்டை மாற்றினார்கள்; எம்.சி.ஆர். எனப்படும் ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அறைக்குக் கூடுதலாக ஒரு ஏ.சி.யும் வந்தது. தாமதம் ஒரு நொடிகூடக் குறையவில்லை. அதன் பிறகுதான் என்னை அழைத்தார்கள்.

முதலில் அங்கே வேலை நடந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். நிகழ்ச்சிப் பிரிவில் ஒருவர் மறுநாள் ஓட வேண்டியவற்றின் பட்டியலை, அதாவது பிளேலிஸ்ட்டை, எக்செல் தாளில் தயாரிப்பார். ஒவ்வொரு வரியிலும் கிளிப்பின் பெயர், கால அளவு, தொடங்கும் நேரம் ஆகிய மூன்றும் இருக்கும். கால அளவைக் கையால் தட்டுவார். தொடங்கும் நேரத்தை முந்தைய வரியின் கூட்டுத்தொகையிலிருந்து எக்செல் தானே போட்டுக்கொள்ளும். பிளேஅவுட் மென்பொருள் அந்தத் தாளிலிருந்து கிளிப்புகளின் பெயரையும் வரிசையையும் மட்டுமே எடுத்துக்கொண்டது. எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பதைக் கிளிப்பை உள்ளே ஏற்றியபோது ஆபரேட்டர் தொடக்கமாகவும் முடிவாகவும் குறித்த இன், அவுட் புள்ளிகளிலிருந்து அது தனியாக அறிந்துகொண்டது. தாளில் இருந்த கால அளவும் கிளிப் உண்மையில் ஓடிய கால அளவும் எங்குமே சந்தித்துக்கொள்ளவில்லை. இந்த ஆய்வின் முதுகெலும்பு இதுவே என்றாலும், அன்று எனக்கு இது உடனே பிடிபடவில்லை.

பிளேஅவுட் மென்பொருள் ஒவ்வொரு கிளிப்பும் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று ஒரு லாக் எழுதி வைக்கும். ஒரு புதன்கிழமையின் லாக்கை எடுத்து, அன்றைய எக்செல் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டி, திட்டமிட்ட நேரத்துக்கும் நடந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மூன்றாவது பத்தியில் போட்டேன். காலை 6 மணிக்கு வித்தியாசம் பூச்சியம். இரவுச் செய்தியின் வரியில் லாக் காட்டியது 20:02:11. என் கைப்பேசிக் கடிகாரத்தில் நான் பார்த்துக் குறித்திருந்தது 20:02:14. அந்த மூன்று நொடிக்குப் பின்னர் வருகிறேன். மூன்றாவது பத்தியை மேலிருந்து கீழாக வாசித்தபோது, வித்தியாசம் ஒரே சீராக வளரவில்லை என்பது தெரிந்தது. பாடல் நிகழ்ச்சியின்போது அது கிட்டத்தட்ட அசையாமல் நின்றது. விளம்பர இடைவேளை வந்ததும் படிக்கட்டு ஏறுவதுபோல் ஏறியது. கணினி திணறியிருந்தால் அரை மணி நேர நிகழ்ச்சியிலும் அது தெரிந்திருக்க வேண்டும். எனவே பழி கணினியின்மேல் இல்லை, கிளிப்புகளின்மேல்.

நம் நாட்டுத் தொலைக்காட்சி நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 நிலைப்படங்கள், என்ற கணக்கில் ஓடுகிறது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆக இருக்கும் நாடுகள் பலவற்றில் அதன் பாதியாக 25 அமைந்தது. 625 வரி கொண்ட பால் (PAL) என்னும் ஒளிபரப்பு முறையோடு அது இங்கேயும் நிலைபெற்று, இன்றைய எச்.டி. காலத்திலும் தொடர்கிறது. ஒரு ஃபிரேம் என்பது 40 மில்லிநொடி. காட்சியில் ஓர் இடத்தைக் குறிக்கும் டைம்கோடு எழுதும்போது மணி, நிமிடம், நொடி ஆகியவற்றுக்குப் பின் நான்காவதாக ஃபிரேம் எண் வரும். அது 00 முதல் 24 வரை ஓடி அடுத்த நொடிக்குத் தாவும். எக்செல் தாளில் அந்த நான்காவது எண்ணுக்கு இடமே இல்லை. (எக்செல்லில் பத்து நொடி என்று நினைத்து 0:10 என்று தட்டினால் அது பத்து நிமிடமாகிவிடும் என்பது வேறு கதை, அந்தத் தவறு அங்கே ஒருமுறை நடந்து, நல்லவேளையாக அன்றே கண்ணில் பட்டிருக்கிறது.)

இந்தியாவில் விளம்பர நேரம் பத்து நொடிக் கணக்கில் விற்கப்படுகிறது. ஆகவே தாளில் விளம்பர வரிகளில் எல்லாம் 10, 20, 30 என்றே இருந்தன. விற்றது பத்து நொடி, பில் போட்டது பத்து நொடி, எனவே ஓடுவதும் பத்து நொடிதான் என்பது நிகழ்ச்சிப் பிரிவின் நம்பிக்கை. நான் அந்தப் புதன்கிழமை ஓடிய விளம்பரங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். சிம்மக்கல் பக்கத்துப் பாத்திரக்கடை ஒன்றின் விளம்பரத்தை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். அதைத் தயாரித்தது ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோ. இன் புள்ளி 00:00:00:05, அவுட் புள்ளி 00:00:10:17. இரண்டுக்கும் இடையே 10 நொடி 12 ஃபிரேம், அதாவது 262 ஃபிரேம். தாளில் இருந்தது 250. பன்னிரண்டு ஃபிரேம் என்பது அரை நொடிக்கும் சற்றுக் குறைவு. பார்ப்பவர் எவருக்கும் அது மிகையாகத் தோன்றாது. ஆபரேட்டர் கண்ணால் பார்த்து, குரல் முடிந்து படம் கறுத்த இடத்தில் அவுட் புள்ளியை வைத்திருந்தார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. அவுட் புள்ளியைத் தாளோடு ஒப்பிட வேண்டும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

சில விளம்பரங்கள் 9 நொடி 20 ஃபிரேமில் முடிந்தன. பெரும்பாலானவை பத்து நொடியைத் தாண்டின. கூட்டிக் கழித்துப் பார்த்ததில் ஒரு விளம்பரத்துக்குச் சராசரி மிகை 8 ஃபிரேம். காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரையிலான 14 மணி நேரத்தில் 350 விளம்பரங்கள் ஓடியிருந்தன, மணிக்கு 25. அப்படியானால் மணிக்கு 200 ஃபிரேம், அதாவது 8 நொடி. 14 மணி நேரத்துக்கு 112 நொடி. லாக் காட்டிய 131 நொடித் தாமதத்தில் 112 நொடிக்குக் கணக்குக் கிடைத்துவிட்டது. பாடல்களிலும் நிகழ்ச்சிகளிலும் கால அளவை முழு நொடிக்குச் சுருக்கி எழுதியதால் வந்த பிழைகள் சில மேலாகவும் சில கீழாகவும் போய் ஒன்றையொன்று தின்றுவிட்டிருந்தன.

மீதி 19 நொடி என்னை அடுத்த நாளும் அங்கே உட்கார வைத்தது. ஒரு பாடல் கிளிப்பின் இன், அவுட் புள்ளிகளைக் கழித்து வந்த விடைக்கும், லாக்கில் அதே பாடல் ஓடிய அளவுக்கும் சரியாக ஒரு ஃபிரேம் வித்தியாசம் இருந்தது. இன்னொரு பாடலிலும் அதே ஒரு ஃபிரேம். மூன்று நிமிடப் பாடலானாலும் பத்து நொடி விளம்பரமானாலும் வித்தியாசம் ஒன்றே. காரணம் எளிது. அவுட் புள்ளி என்பது காட்ட வேண்டிய கடைசி ஃபிரேமா, காட்டக் கூடாத முதல் ஃபிரேமா என்பதில் இரண்டு மரபுகள் இருக்கின்றன. கழித்தல் கணக்கு இரண்டாவது மரபைச் சார்ந்தது. அந்த மென்பொருளோ முதல் மரபில் அமைக்கப்பட்டு, அவுட் ஃபிரேமையும் சேர்த்தே ஓட்டிக்கொண்டிருந்தது. வைகாசி 1 முதல் 5 வரை விடுப்பு என்றால் நான்கு நாளா ஐந்து நாளா என்று அலுவலகத்தில் நடக்கும் சச்சரவின் மறுபதிப்புதான் இது. அன்று 350 விளம்பரங்களோடு மற்றவை 125 சேர்த்து 475 கிளிப்புகள். கிளிப்புக்கு ஒரு ஃபிரேம் வீதம் 475 ஃபிரேம், அதாவது 19 நொடி.

என் கைப்பேசிக்கும் லாக்குக்கும் இடையே இருந்த 3 நொடி கணினிக் கடிகாரத்தின் பின்தங்கல். எம்.சி.ஆர். கணினியை இணையத்தோடு இணைக்கக் கூடாது என்று யாரோ முன்பு கட்டளையிட்டிருந்தார்கள். அது நல்ல கட்டளைதான். ஆனால் கடிகாரத்தைச் சரிபார்க்க வேறு வழி எதையும் அவர்கள் செய்து வைக்கவில்லை. அலுவலகத்தில் இருந்த மற்றொரு கணினி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சேவையகத்திலிருந்து நேரத்தைப் பெற்று, உள் வலைப்பின்னல் வழியாக எம்.சி.ஆருக்குக் கொடுக்கும்படி செய்தோம். அரை மணி நேர வேலை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் செய்தி நேரத்துக்கு வந்ததன் புதிரை அங்கே இரவுப் பணியில் இருந்த இளைஞர் ஒரே வாக்கியத்தில் அவிழ்த்தார். "ஞாயித்துக்கெழம படம் சீக்கிரமே முடிஞ்சிரும்ணே, நான்தான் எட்டு மணி வரைக்கும் பாட்டுப் போட்டு ஓட்டுவேன்." தாளில் மதியப் படத்துக்கு 2 மணி 30 நிமிடம் என்று போட்டிருந்தது, படத்தின் உறையில் கண்ட அளவு. திரைப்படம் நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் எடுக்கப்படுவது. 150 நிமிடப் படத்தில் 2,16,000 ஃபிரேம்கள். ஒளிபரப்புக்குக் கொடுத்த கோப்பில் இந்த ஃபிரேம்களை அப்படியே 25 கணக்கில் ஓட்டியிருந்தார்கள். வகுத்துப் பார்த்தால் 8,640 நொடி, அதாவது 144 நிமிடம். ஆறு நிமிடம் மிச்சம். (குரல்களும் அதே விகிதத்தில் கொஞ்சம் கீச்சென்று ஏறியிருந்தன. பாடல் மட்டும் வேறு சுருதியில் கேட்கிறது என்று வீட்டில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நானும் பல ஆண்டுகள் நம்பாதவனே.) படம் மிச்சம் வைத்த ஆறு நிமிடத்தை விளம்பரங்களின் மிகை கொஞ்சம் விழுங்கியது; எஞ்சியதை அந்த இளைஞர் கடிகாரத்தைப் பார்த்துப் பாட்டால் நிரப்பி, எட்டு மணிக்குக் கையால் செய்தியைத் தட்டிவிட்டார். ஆகவே ஞாயிறு சரியாக நடந்த நாள் அல்ல. இரண்டு தவறுகளும் ஒரு மனிதரின் விழிப்பும் சேர்ந்து சரிபோலக் காட்டிய நாள். சேனல்காரர்கள் அந்த நாளை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்ற ஆறு நாளைச் சந்தேகித்ததால்தான் கணினிக்குப் பணம் போனது.

காரணங்கள் தெரிந்ததும் உரிமையாளர் கேட்ட முதல் கேள்வி, செய்தியை எட்டு மணிக்கு ஆணியடித்துவிட்டால் என்ன என்பது. அதற்கு மென்பொருளில் வசதி உண்டு. ஒரு வரியை மூன்று விதமாக அமைக்கலாம்: முந்தையது முடிந்ததும் தொடர்வது; குறித்த நேரம் வரும்வரை காத்திருந்து, அந்த நேரத்தில் ஏதேனும் ஓடிக்கொண்டிருந்தால் அது முடிந்த பிறகே தொடங்குவது; குறித்த நேரம் வந்ததும் ஓடுவதை வெட்டிவிட்டுத் தொடங்குவது. அவர் கேட்டது மூன்றாவது. நான் வேண்டாம் என்றேன். தாமதத்தின் காரணம் அப்படியே இருக்க வெட்டை மட்டும் வைத்தால், செய்திக்கு முன் ஓட வேண்டிய கடைசி இரண்டு நிமிடமும் ஒவ்வொரு நாளும் காணாமல் போகும்; அந்த இரண்டு நிமிடத்தில் இருப்பவை செய்திக்கு முந்தைய இடைவேளையின் விளம்பரங்கள், சேனலிலேயே விலை அதிகமானவை. பாதியில் வெட்டுப்பட்ட விளம்பரத்துக்கு யாரும் பணம் தருவதில்லை.

மிகை ஃபிரேம்களுக்குச் சட்டப் பக்கமும் ஒன்று உண்டு. கேபிள் தொலைக்காட்சி வலைப்பின்னல் விதிகள், 1994-இன் 7(11) பிரிவு, மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்கிறது. அதில் வணிக விளம்பரம் 10 நிமிடம் வரை, சேனலின் சொந்த விளம்பரம் 2 நிமிடம் வரை. பத்து நொடி விளம்பரங்கள் அறுபதைக் கொண்டு அந்த 10 நிமிடத்தைத் தாளில் கச்சிதமாக நிரப்பினால், சராசரி மிகை 8 ஃபிரேமும் அவுட் புள்ளியின் ஒரு ஃபிரேமும் சேர்த்து விளம்பரத்துக்கு 9 ஃபிரேம் என்ற கணக்கில் 540 ஃபிரேம், அதாவது 21.6 நொடி வரம்பு மீறும். சாதாரண நாளில் அந்தச் சேனலுக்கு அறுபது விளம்பரம் கிடைப்பதில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரத்து மாலைகளில் கிடைக்கிறது. தவிர, 6.58-க்குப் போட்ட இடைவேளை தாமதத்தால் 7 மணியைத் தாண்டினால், அது அடுத்த மணியின் கணக்கில் போய் விழுகிறது. தாளில் வரம்புக்குள் இருந்த மணி லாக்கில் வரம்புக்கு வெளியே நிற்கும்.

திருத்தத்தைக் கால அளவை யார் எழுதுவது என்ற இடத்திலிருந்து தொடங்கினோம். கையால் தட்டும் பத்தியைப் பூட்டினோம். கோப்பு உள்ளே வந்ததும் முதலில் 25 ஃபிரேம் கொண்ட ஒரே வடிவத்துக்கு மாற்றப்படும். பிறகு எஃப்எஃப்புரோப் என்னும் இலவசக் கருவி அதன் ஃபிரேம்களை ஒவ்வொன்றாக எண்ணும். அந்த எண்ணிக்கைதான் தாளுக்குப் போகும். கோப்பின் தலைப்பகுதியில் எழுதியிருக்கும் கால அளவை நம்பாமல் எண்ணச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கோப்பில் ஒலி படத்தைவிட நீளமாக இருந்தால் தலைப்பகுதி பெரும்பாலும் நீளமானதையே சொல்லும்; படம் முடிந்து ஒலியின் மௌன வால் மட்டும் ஓடுவதும் அந்தக் கால அளவில் சேர்ந்துவிடும். அவுட் புள்ளியையே ஒழித்துவிட்டு, இன் புள்ளியும் எத்தனை ஃபிரேம் என்பதும் மட்டும் வைத்துக்கொண்டோம். கடைசி ஃபிரேம் சேர்த்தியா இல்லையா என்ற கேள்வியே அதன்பின் எழவில்லை.

பத்து நொடி விளம்பரம் 250 ஃபிரேம்தான் என்று விதி வைத்தபோது எதிர்ப்பு வந்தது. பாத்திரக்கடை விளம்பரத்தின் வாலை 250-இல் வெட்டிப் பார்த்தோம். கடையின் கைப்பேசி எண்ணில் கடைசி இலக்கம் போய்விட்டது. ஒன்பது இலக்கம் சொல்லும் விளம்பரத்தை வைத்துக் கடைக்காரர் என்ன செய்வார்? 262-ஐ 250-க்குள் அடக்க வேகத்தைக் கூட்டலாம் என்றார் எடிட்டர். அது ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு நேர்ந்த கீச்சுக் குரலைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஏற்றும். மறுபடி முதலிலிருந்து பார்த்தபோது, தொடக்கத்தில் அரை நொடிக்கு மேல் கடை வாசல் மட்டும் மௌனமாகத் தெரிவது கண்ணில் பட்டது. இன் புள்ளியை 00:00:00:05-இலிருந்து 00:00:00:17-க்கு நகர்த்தினோம். பன்னிரண்டு ஃபிரேமும் அங்கேயே கிடைத்தன. எண் முழுதாக வந்தது. அநேக விளம்பரங்களில் மிகை வாலில் அல்ல, தலையில்தான் இருந்தது.

இரண்டாம் வாரம் வேறொரு சிக்கல். ஒரு ஜிகர்தண்டாக் கடையின் விளம்பரம், கைப்பேசியில் எடுத்தது, நொடிக்கு 30 ஃபிரேம். வடிவம் மாற்றாமல் அவசரத்தில் ஏற்றிவிட்டார்கள். எண்ணிக்கை 300 என்று வந்தது. மென்பொருள் அதை 25 கணக்கில் 12 நொடியாக எடுத்துக்கொண்டு, பத்து நொடியில் காட்சி தீர்ந்ததும் கடைசிப் படத்தை இரண்டு நொடி உறைய வைத்தது. கடைசிப் படத்தில் இருந்தது கடையின் முகவரி. கடைக்காரருக்கு அது பிடித்துப்போய், இனி எப்போதும் அப்படியே போடச் சொன்னார்! அமெரிக்காவிலிருந்து சனிக்கிழமைதோறும் வரும் ஒரு மணி நேர நிகழ்ச்சியிலும் இதே குடும்பத்துப் பிழை இருந்தது: அது நொடிக்கு 29.97 ஃபிரேம், நொடிக்கு 30 என்றே எண்ணிப்போகும் அதன் டைம்கோட்டில் ஒரு மணி நேரம் என்று காட்டுவது உண்மையில் 3.6 நொடி கூடுதலாக ஓடும். 25-க்கு மாற்றி எண்ணியதும் இரண்டும் தீர்ந்தன.

இவ்வளவு செய்த பிறகே ஆணியடித்தோம், அதுவும் மூன்று இடத்தில் மட்டும்: காலை, மதியம், இரவுச் செய்திகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் வெட்டுப்பட்டால் வலிக்காத ஒரு ஃபில்லர், அதாவது இடைநிரப்பு, இருக்க வேண்டும் என்று வைத்தோம். வண்டியூர்த் தெப்பக்குளம், யானைமலை, நாயக்கர் மகால் தூண்கள் என்று நகரக் காட்சிகள், பின்னணியில் நாதஸ்வரம். பாடல் வரிகள் உள்ள எதையும் ஃபில்லராக வைக்கவில்லை. சரணத்தின் நடுவே வெட்டினால் பார்ப்பவருக்குச் சுருக்கென்று இருக்கும். ஆலாபனையை எங்கே தணித்தாலும் காது மன்னித்துவிடும். மற்ற மணிகளின் தொடக்கத்துக்குக் காத்திருக்கும் வகையே போதும் என்று விட்டோம். முன்னால் போய்விடாமல் அது பிடித்துக்கொள்கிறது.

சித்திரைத் திருவிழா நேரலைக்கு இந்தக் கணக்கு எதுவும் உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். அழகர்கோயிலிலிருந்து புறப்படும் அழகர் வழிநெடுக மண்டகப்படிகளில் நின்று நின்று வருகிறார், மூன்றுமாவடியில் எதிர்சேவை, தல்லாகுளத்தில் கூட்டம். சித்ரா பௌர்ணமி விடியலில் அவர் வைகையில் இறங்கும் நொடியை எக்செல் தாள் தீர்மானிப்பதில்லை. நான் போவதற்கு முந்தைய ஆண்டு நேரலைக்குத் தாளில் 2 மணி 30 நிமிடம் என்று ஒரு மதிப்பைப் போட்டிருக்கிறார்கள். அது தீர்ந்ததும் மென்பொருள் தன் கடமையைச் செய்து, குதிரை வாகனம் கரையில் நின்றுகொண்டிருக்கும்போதே ஊறுகாய் விளம்பரத்துக்குத் தாவிவிட்டது. ஆபரேட்டர் திரும்பப் பிடித்தபோது இருபது நொடி போயிருந்தது. முடிவு தெரியாத நிகழ்வுக்குக் கால அளவு எழுதுவதே தவறு. இப்போது அந்த வரி ஆபரேட்டர் கை வைத்தால் மட்டுமே முடியும். அதன் கீழிருக்கும் விளம்பரங்கள் நேரம் குறிக்கப்படாமல் மிதக்கின்றன. அடுத்த ஆணி மதியச் செய்தி. இடையில் இருப்பதில் எதைத் தள்ளலாம், எதைத் தள்ளக் கூடாது என்று முந்தைய நாளே ஒரு காகிதத்தில் எழுதி எம்.சி.ஆர். சுவரில் ஒட்டுகிறார்கள்.

மூன்று வாரம் கழித்து லாக்கில் செய்திக்கு முந்தைய ஃபில்லர் வெட்டுப்படும் அளவு நாளொன்றுக்குச் சில நொடியாகக் குறைந்திருந்தது. கடிகார விளம்பரம் 19:59:50:00-க்குத் தொடங்கி 20:00:00:00-இல் செய்திக்கு வழிவிட்டது. உரிமையாளர் அன்று மாலை என்னையும் அழைத்துக்கொண்டு தெற்காவணி மூல வீதிக்குப் போனார். கடைக்காரர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு பார்த்தார். நொடி முள் பன்னிரண்டைத் தொட்டது. "நாலு நொடி லேட்டு," என்றார். படத்தைச் சுருக்கி, கேபிள் நிறுவனத்தின் அனுப்பும் நிலையத்தில் மற்ற சேனல்களோடு கோத்து அனுப்பி, அவர் கடையின் செட்டாப் பெட்டி அதை விரித்துக் காட்டுவதற்குள் செலவாகும் நேரம் அது. மறுநாள் முதல் அந்த விளம்பரத்தை 19:59:46-க்கும், செய்தியின் ஆணியை 19:59:56-க்கும் மாற்றினோம். சேனலின் இணைய ஒளிபரப்பைக் கைப்பேசியில் பார்ப்பவருக்கு அந்தக் கடிகாரம் இன்னமும் தாமதமாகத்தான் எட்டு அடிக்கிறது. கடைக்காரர் அதைப் பார்ப்பதில்லை.